நடக்காமலே ஏறும் ஸ்டெப் கணக்கு: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

கையில் கட்டும் பேண்ட் ஆனாலும் சட்டைப்பையில் கிடக்கும் போன் ஆனாலும், அது காலைப் பார்ப்பதே இல்லை. உள்ளே இருக்கும் ஆக்சிலரோமீட்டர் குலுங்கலை மட்டும் அளக்கிறது. நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை சீராகக் குலுங்கினால் நடை என்று எடுத்துக்கொள்கிறது. ஓராண்டு பயன்படுத்திய பிறகும் நடைக்கு இது நல்ல கருவிதான். நடக்காத நேரத்தில்தான் நம்ப முடியாது.

ஏமாற்ற ஒரு கயிறு போதும். போனைச் சின்னத் துணிப்பையில் போட்டு, பிடிக்கும் இடத்திலிருந்து போனின் நடுப்பகுதி வரை 25 செ.மீ. இருக்கும்படி தொங்கவிட்டு ஆட்டுங்கள். இந்த நீளத்துக்கு ஒரு முழு ஆட்டம் 1 நொடி. அதற்குள் போன் கீழ்ப்புள்ளியை இரண்டு முறை கடக்கும், கடக்கும்போதெல்லாம் கயிறு இறுகும். ஆக நிமிடத்துக்கு 120, விறுவிறு நடையின் அதே தாளம். இருபுறமும் 30 டிகிரி வரை ஆட வேண்டும். 15 டிகிரிக்கு இறங்கினால் இழுவிசையின் ஏற்ற இறக்கம் கால்வாசியாகிவிடும், எண்ணிக்கை திணறும். கயிறு 1 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 60தான் கிடைக்கும். நீளமான தூளியில் போட்டு ஆட்டினாலும் சரியாக ஏறாததற்குக் காரணம் இதுதான். முதல் சில ஆட்டங்களுக்கு எண் அசையாவிட்டால் விட்டுவிடாதீர்கள். பல கருவிகள் தொடர்ச்சியாகச் சில ஸ்டெப் வந்த பிறகே எண்ணத் தொடங்கும். மின்விசிறி இறக்கையில் மட்டும் கட்டவே கட்டாதீர்கள். சீரான சுழற்சியில் இழுவிசை மாறாது, எண்ணும் ஏறாது, கழன்று பறந்தால் ஆளை அடிக்கும்.

தெரியாமல் ஏறுவதுதான் உண்மையான தொல்லை. பைக்கில் இன்ஜின் அதிர்வைக் குறை சொல்வார்கள், அது காரணமில்லை. 1,200 ஆர்.பி.எம். என்றாலே நொடிக்கு 20 சுற்று, அந்த வேகத்தைக் கருவி வடிகட்டிவிடும். குண்டுகுழியும் வேகத்தடையும் தூக்கிப் போடுவதுதான் நடை மாதிரி தெரிகிறது. கடலூர்–பாண்டி தினமும் வண்டியில் போய்வருபவர்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணைப் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். துணி கசக்கும்போதும் காபி ஆற்றும்போதும் ஏறினால், பேண்டை இடக்கைக்கு மாற்றி, செயலியிலும் இடக்கை என்று மாற்றுங்கள்.

சர்க்கரைக்காக நடக்கும் பெரியவர்களுக்கு நேர் எதிரான சிக்கல். காலைத் தேய்த்து மெதுவாக நடந்தால் நிறைய ஸ்டெப் விட்டுப்போகும். அவர்களை எண்ணைக் காட்டி விரட்டாதீர்கள், எத்தனை நிமிடம் நடந்தார்கள் என்று பாருங்கள்.

அலுவலகப் போட்டி நடத்துபவர்கள் மொத்தத்தை விட்டுவிட்டு, செயலியில் நிமிடத்துக்கு எத்தனை ஸ்டெப் என்று காட்டும் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். அரை மணி நேரம் மாறாமல் 120, ஜி.பி.எஸ். தூரம் பூஜ்யம், இதயத்துடிப்பு ஏறவில்லை என்றால் அது கயிற்றின் வேலை.

கருவியைச் சோதிக்கப் பாண்டி பீச் ரோடு வசதி, மாலை 6 மணிக்கு மேல் வண்டிகள் வராது. காந்தி சிலையிலிருந்து வாய்விட்டு 200 எண்ணி நடங்கள். 195 முதல் 205 வரை காட்டினால் சரி. திரும்பும்போது பேண்ட் கட்டிய கையில் கனமான பையைப் பிடித்து அதே 200 நடங்கள். கை வீசாததால் எத்தனை குறைகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.