ஒரே குழுவா, இரு குழுக்களா?

ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் ஒரு துறையின் கொள்கையை விசாரிக்கும் குழுவே பெரும்பாலும் அத்துறையின் மசோதாவையும் பிரிவு பிரிவாகத் திருத்துகிறது. லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டரிலோ கொள்கையை விசாரிப்பவை 1979 முதல் இயங்கும் துறைசார் தெரிவுக்குழுக்கள். மக்களவையில் மசோதாவை ஆராய்வது அதற்கென அமைந்து, வேலை முடிந்ததும் கலைந்துவிடும் வேறொரு குழு.

வாடகைப் பிரச்சினையில் இந்த வேறுபாடு நன்கு புலப்படும். ஸ்காட்லாந்தின் வீட்டுவசதி மசோதா 2025 இல் நிறைவேறியது. பணவீக்கத்துடன் 1 சதவீதம், எப்படியும் 6 சதவீதத்துக்கு மேற்படாது என்ற வாடகை உயர்வுக்கான உச்சவரம்பு அதில் சேர்ந்தது, குழு மசோதாவைப் பிரிவு பிரிவாகத் திருத்தும் இரண்டாம் கட்டத்தின்போதுதான். முதற்கட்டத்தில் குடியிருப்போரிடமும் வீட்டு உரிமையாளர்களிடமும் சாட்சியம் கேட்ட குழுவே அத்திருத்தத்தையும் முடிவு செய்தது என்பதை நான் பெரும் பலமாகக் கருதுகிறேன்.

கடல் விஷயத்தில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரிவதில்லை. ஸ்காட்லாந்துக் கடற்பரப்பில் குறைந்தது 10 சதவீதத்தில் மீன்பிடிப்பைத் தடுக்கும் திட்டம் மசோதாவாகும் முன்பே, கரையோர மக்களின் எதிர்ப்பால் 2023 இல் கைவிடப்பட்டது.

ஆனால் மசோதாக்கள் குவியும்போது, கிராமப்புறமும் தீவுகளும் போன்ற பரந்த துறைகளைச் சுமக்கும் ஸ்காட்லாந்துக் குழுவுக்குச் சுயமாக விசாரணை நடத்த நேரம் மிஞ்சுவதில்லை; அதன் பிழையைத் திருத்த மேலவையும் கிடையாது. வெஸ்ட்மின்ஸ்டர் தெரிவுக்குழுவுக்கு அந்தச் சுமை இல்லை. 2010 முதல் பெரும்பாலான குழுத் தலைவர்களை அவையே இரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுப்பதால், ஆளுங்கட்சியைச் சேர்ந்த குழுத் தலைவரும் அமைச்சரைத் தயங்காமல் கேள்வி கேட்க முடிகிறது.