‘முழுத் தொகுப்பு, 11 நூல்கள்’ என்ற அறிவிப்பை நம்பி நான் ஏமாந்த விதம்

ஹாரி டர்டில்டவ் எழுதிய மாற்று வரலாற்று நாவல் தொடரை, அதாவது அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்கள் வென்றதாகக் கற்பனை செய்யும் ‘சதர்ன் விக்டரி’ வரிசையைப் பழைய பிரதிகளாக வாங்க எண்ணியிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இணையத்தில் பழைய நூல்கள் விற்கும் ஒருவரிடம் இந்தத் தொகுப்புக்காக 165 டாலர் கொடுத்து நான் ஏமாந்தேன். பணம் போனதைவிட, ஒரு பையனின் வாசிப்பு ஆர்வத்தை அது குலைத்ததுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

நாங்கள் மேரிலாந்தில், ஃபிரெடரிக் நகருக்கு அரை மணி நேரத் தொலைவில் வசிக்கிறோம். 1862 செப்டம்பர் 13 அன்று அந்த நகருக்கு வெளியே ஒரு வயலில், சுருட்டுகளைச் சுற்றியிருந்த ஒரு தாளை வடதரப்பு வீரர்கள் கண்டெடுத்தார்கள். தென்தரப்புத் தளபதி ராபர்ட் லீ தம் படையை எப்படிப் பிரித்து அனுப்பப்போகிறார் என்பதை விவரித்த 191ஆம் சிறப்பு ஆணை அது. நான்கு நாள் கழித்து ஆன்டீட்டம் களத்தில் ஒரே பகலில் இருதரப்பிலுமாக ஏறத்தாழ 23,000 பேர் மாண்டோ காயமுற்றோ காணாமற்போயோ வீழ்ந்தார்கள், லீ பின்வாங்கினார், அடுத்த சில நாட்களில் லிங்கன் அடிமை விடுதலைக்கான முதல் அறிவிப்பை வெளியிட்டார். கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகனை, அவனுக்கு வயது 16, அந்தக் களத்துக்கு அழைத்துச் சென்றபோது, “அந்தத் தாள் கிடைக்காமலே போயிருந்தா என்ன மாமா ஆகியிருக்கும்?” என்று கேட்டான். அதே கேள்வியிலிருந்து பிறந்த தொடர் ஒன்று இருக்கிறது என்று சொல்லி, அவன் பிறந்தநாளுக்கு முழுவதையும் வாங்கித் தருவதாக வாக்களித்தேன்.

விற்பவரின் பக்கத்தில் ‘முழுத் தொகுப்பு, 11 நூல்கள், வாசிப்பு வரிசைப்படி எண்ணிடப்பட்டது’ என்று இருந்தது. அதன் கீழே வாசகர் கருத்துகள் பதினைந்து, எல்லாமே ஐந்து நட்சத்திரப் பாராட்டுகள். பெட்டி வந்து சேர்ந்த அன்று நான் செய்த தவறு, நூல்களை எண்ணிப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டது. பதினொன்று இருந்தன, ஒவ்வொன்றின் முதுகிலும் 1 முதல் 11 வரை வெள்ளைச் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. அப்படியே பையனிடம் கொடுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து அவன் தயங்கித் தயங்கி, “மாமா, இதுல லிங்கன் எப்ப வருவாரு?” என்று கேட்டான். 1 என்று எண்ணிட்டிருந்த நூல் ‘இன் த பேலன்ஸ்’. அதுவும் டர்டில்டவ் எழுதியதுதான், ஆனால் முற்றிலும் வேறொரு தொடரின் தொடக்கம்: 1942இல் வேற்றுக்கோள் உயிரினங்கள் பூமியின்மீது படையெடுப்பதைச் சொல்வது. 11 என்று எண்ணிட்டிருந்தது ‘ஹிட்லர்ஸ் வார்’. அது ஐரோப்பியப் போர் 1938இலேயே மூண்டிருந்தால் என்று கேட்கும் மூன்றாவது தொடரின் முதல் நூல். நடுவிலிருந்த ஒன்பதும் சரியானவை. காணாமற்போனவை தொடரைத் தொடங்கிவைக்கும் ‘ஹவ் ஃபியூ ரிமெய்ன்’ நாவலும், முடித்துவைக்கும் ‘இன் அட் த டெத்’ நாவலும். பையன் எந்தக் கேள்வியைக் கேட்டானோ அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கத் தொடங்கும் நூலே பெட்டியில் இல்லை. தொலைந்த ஆணையைத் தென்தரப்பு வீரர் ஒருவரே கண்டு திருப்பிக் கொடுக்கும் காட்சி ‘ஹவ் ஃபியூ ரிமெய்ன்’ நாவலின் முகப்பில்தான் வருகிறது.

அதன்பிறகுதான் அந்தப் பதினைந்து பாராட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். பெரும்பாலானவை, அவர் அனுப்பாமல் விட்ட அதே முதல் நாவலைப் பற்றியவை. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொடரைப் பற்றி வாசகர்களின் கருத்து ஒன்றாக இருந்ததே இல்லை. 1997இல் வந்த முதல் நாவல் மாற்று வரலாற்றுப் புனைவுக்கான சைட்வைஸ் விருதைப் பெற்றது. 1881இல் நடப்பதாக அமைந்த அந்தக் கதையில், போரில் தோற்ற ஜனாதிபதியான லிங்கன் தொழிலாளர் உரிமைக்காக ஊர் ஊராகப் பேசி வருகிறார். அடிமை முறையை எதிர்த்துப் போராடிய கறுப்பினத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ், மார்க் ட்வைன் என்று நாம் அறிந்த சாமுவேல் கிளெமென்ஸ், இளம் தியடோர் ரூஸ்வெல்ட் ஆகியோரின் கண்வழியாகவும் கதை நகர்கிறது. இந்த நூலைப் பாராட்டாதவர்கள் குறைவு.

அடுத்து வரும் பத்து நூல்களில்தான் வாசகர்கள் பிரிகிறார்கள். 1914இல் வட அமெரிக்க மண்ணில் பதுங்குகுழிப் போர் மூள்கிறது. வடக்கு ஜெர்மனியோடும் தெற்கு பிரிட்டன், பிரான்சு ஆகியவற்றோடும் சேர்ந்து நிற்கின்றன. புகழ்பெற்றவர்களின் இடத்தைக் கற்பனை மாந்தர்கள் பிடிக்கிறார்கள்: கியூபெக்கின் விவசாயி, பாஸ்டனின் மீனவர் குடும்பம், கென்டக்கியின் கறுப்பின ஓட்டுநர். சாதாரண மனிதர்களின் வழியே முப்பது ஆண்டுகளைக் காண்பதே இத்தொடரின் சிறப்பு என்பது ஒரு சாராரின் கருத்து. ஒரே செய்தி திரும்பத் திரும்ப வருகிறது என்பது மறுசாராரின் கருத்து. சாம் கார்ஸ்டன் என்ற கடற்படை வீரரின் தோல் வெயிலில் எளிதில் வெந்துபோகும் என்பது எத்தனை முறை சொல்லப்படுகிறது என்று சலித்துக்கொள்பவர்கள் ஏராளம், அந்தக் குறை நியாயமானதே. பெரிய பூசல் ஜேக் ஃபெதர்ஸ்டன் பற்றியது. 1914இல் மூண்ட அந்தப் போரில் தோற்ற தெற்கில் எழும் அந்தச் சர்வாதிகாரியின் பாதை, நிஜ வரலாற்றில் ஹிட்லரின் ஜெர்மனியில் நடந்ததை ஏறக்குறைய அடியொற்றிச் செல்வதால், கற்பனை நின்றுவிட்டதென்று சிலர் வருந்துகிறார்கள். அந்தக் கொடுமை அமெரிக்க மண்ணிலும் நிகழக்கூடியதே என்று உணர்த்த அப்படித்தான் எழுத வேண்டும் என்று வேறு சிலர் வாதிடுகிறார்கள். நான் இரண்டாவது தரப்பு. ஆனால் 16 வயதுப் பையனுக்குக் கொடுக்குமுன், பிந்தைய நூல்களில் வதைமுகாம்கள் விரிவாக வருகின்றன என்பதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டியவன் நான். பாராட்டுகளை மட்டும் பொறுக்கி ஒட்டிய அந்தப் பக்கம் எனக்கு அதை மறைத்துவிட்டது.

விற்றவருக்கு எழுதினேன். பதினொரு நூல்கள் என்று சொல்லிப் பதினொரு நூல்கள் அனுப்பியிருப்பதாகவும், எல்லாம் ஒரே ஆசிரியருடையவை என்பதால் தம்மீது குற்றமில்லை என்றும், திருப்பி அனுப்புவதானால் அஞ்சல் செலவு என்னுடையது என்றும் பதில் வந்தது. விடுபட்ட இரண்டை மட்டும் அனுப்பும்படி கேட்டதற்குப் பதிலே இல்லை.

எனவே வாங்குபவர்கள் முதலில் தலைப்புகளைப் பாருங்கள். ‘ஹவ் ஃபியூ ரிமெய்ன்’ தனியாக நிற்பது. அதன்பின் ‘தி கிரேட் வார்’ என்று தொடங்கும் மூன்று நூல்கள் (1998–2000), ‘அமெரிக்கன் எம்பயர்’ என்று தொடங்கும் மூன்று (2001–2003), ‘செட்லிங் அக்கவுன்ட்ஸ்’ என்று தொடங்கும் நான்கு (2004–2007). முதல் நூலின் தலைப்பில் இந்த மூன்று பெயர்களில் எதுவும் இல்லாததால் அதை விட்டுவிடுவது விற்பவருக்கு எளிது, கண்டுபிடிப்பது நமக்குக் கடினம். எல்லா நூல்களின் முதுகும் தெரியும்படி புகைப்படம் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். பாராட்டு எந்த நூலைப் பற்றியது என்று பாருங்கள். பெட்டி வந்த நாளே தலைப்புகளைச் சரிபாருங்கள். புகாருக்கான கெடு கடந்துவிட்டதாகவும் அவர் எனக்கு எழுதியிருந்தார்.

கடன் அட்டை தந்த வங்கியிடம் முறையீடு அளித்திருக்கிறேன். அவர்கள் ஆதாரம் கேட்டிருப்பதால் அந்த வெள்ளைச் சீட்டுகளை உரிக்காமல் அப்படியே படமெடுத்து அனுப்பியுள்ளேன். ‘ஹவ் ஃபியூ ரிமெய்ன்’ நூலகத்தில் கிடைத்தது. பையனிடம் நேற்றுக் கொடுத்தேன், இன்னும் திறக்கவில்லை என்று அக்கா சொன்னாள்.