பவுலிங் பந்து கிளீனர்கள்: பல சீசன் பயன்படுத்தியபின் எனக்குத் தெரிந்தது

லேன் என்ற நீண்ட பாதையில் பந்தை உருட்டி, கடைசியில் நிற்கும் பத்து பின்களைச் சாய்க்கும் பவுலிங்கைத்தான் சொல்கிறேன், கிரிக்கெட்டை அல்ல. அமெரிக்காவின் மிச்சிகனில் அந்த ஆட்டத்தின் குளிர்கால லீக் ஆடுகிறவர்களின் பையைத் திறந்து பார்த்தால் பந்து, ஷூ, துண்டு இவற்றோடு ஏதாவது ஒரு ஸ்பிரே பாட்டிலும் கிடக்கும். எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும், அதுவும் சத்தியம் செய்யாத குறையாக. ப்ரோ ஷாப் (பவுலிங் சாமான் விற்கும் கடை) கிளீனர்கள், மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், சமையலறைப் பாத்திர சோப்பு என்று எல்லாவற்றையும் பல சீசனாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன். பாட்டிலுக்கு பாட்டில் வித்தியாசம் உண்டுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய வித்தியாசம் எப்போது துடைக்கிறோம் என்பதில் இருக்கிறது. கடைசி ஃப்ரேம், அதாவது ஆட்டத்தின் கடைசிச் சுற்று, முடிந்ததும், ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே, லேனிலிருந்து பந்தில் ஒட்டிய ஆயில் இன்னும் மேலாக ஈரமாக நிற்கும்போது துடைத்த பந்தும், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து ஞாபகம் வந்து துடைத்த பந்தும் ஒன்றல்ல, விலை உயர்ந்த கிளீனரே போட்டாலும்.

காரணம் பந்தின் மேல்தோலில் இருக்கிறது. ஃபவுல் லைனிலிருந்து (ஆடுபவர் தாண்டக் கூடாத கோடு) முதல் பின் வரை லேன் 60 அடி. சாதாரண லீக் இரவில் அதில் ஏறக்குறைய முதல் 40 அடிக்கு மினரல் ஆயில் பூசியிருப்பார்கள், மீதி காய்ந்த மரம் அல்லது சிந்தெடிக். 1990களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் ரெசின் பந்துகளின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவை ஆயிலை உள்ளே இழுத்துக்கொள்வதால்தான் காய்ந்த பகுதிக்கு வந்ததும் பந்து தரையைப் பிடித்து அப்படி வளைகிறது. அதே துளைகள் ஆயிலால் நிரம்பிவிட்டால் பிடிமானம் போய்விடும். பந்து நேராக ஓடும், வலது ஓரத்துப் பத்தாம் பின் நின்றுகொண்டே இருக்கும், நாம் ரிலீஸ் (பந்தை விடும் விதம்) சரியில்லையோ என்று கையைச் சந்தேகப்படுவோம். ‘பந்து செத்துப்போச்சு’ என்று லீக்கில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். பந்து போய்த் திரும்பி வந்ததும் அதன்மேல் வளையம் வளையமாக ஆயில் கோடுகள் தெரியும், பாருங்கள். அவை ஒவ்வொன்றும் உள்ளே இறங்கக் காத்திருக்கும் ஆயில்.

ஆகவே எந்த வகைப் பந்து என்பதைப் பார்த்துத்தான் கிளீனர் வாங்க வேண்டும். ஸ்பேருக்கு, அதாவது முதல் வீச்சில் மிஞ்சிய பின்களை இரண்டாவது வீச்சில் சாய்க்க, வைத்திருக்கும் பிளாஸ்டிக் பந்துக்குத் தனியாக எதுவும் வேண்டாம், அது ஆயிலைக் குடிக்காது, துண்டும் கொஞ்சம் ஆல்கஹாலும் போதும். யூரித்தேன் பந்து மெதுவாகக் குடிக்கும், ஆனால் மேலே ஒரு மந்தமான அழுக்குப் படலம் சேரும், அதை விட்டுவிட்டால் பந்து எப்படிப் போகும் என்று கணிக்கவே முடியாது. ரியாக்டிவ் பந்துதான் உண்மையில் கவனம் கேட்பது. அதிலும் மினுமினுப்பில்லாத, சொரசொரப்பான முகம் கொண்டவை இன்னும் வேகமாகக் குடிக்கும்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 70 சதவீதமும் கிடைக்கிறது, 91 சதவீதமும் கிடைக்கிறது. பின்னது சீக்கிரம் ஆவியாகிவிடும், எதையும் பின்னால் விட்டுவைக்காது, விலையும் மலிவு. சும்மா மூன்று கேம் ஆடிவிட்டு வந்த இரவுக்கு அது தாராளமாகப் போதும். குறை என்னவென்றால், ஆயில் அதிகம் ஊற்றிய லேனில் ஆடிவிட்டு வந்தால் அது ஆயிலைக் கரைத்து எடுப்பதைவிட அங்குமிங்கும் பரப்பத்தான் செய்கிறது, துண்டின் சுத்தமான பக்கத்தை மாற்றி மாற்றித் துடைத்தால்தான் வரும். பந்து திரும்பி வரும் இயந்திரத்தின் பெல்ட் விட்டுப்போகும் கறுப்புத் தடங்களை அது தொடக்கூட இல்லை. அப்புறம், தீப்பிடிக்கும் பொருள், மூடிய காருக்குள் உட்கார்ந்து அடிக்காதீர்கள்.

கடையில் விற்பவற்றில் எனக்கு நெடுநாள் ஒத்துவந்தது ஸ்டார்ம் நிறுவனத்தின் ரியாக்டா கிளீன். அடித்துவிட்டு ஒரு சில நொடி விட்டுத் துடைத்தால் ஆயிலும் போகும், பெல்ட் தடமும் பெரும்பாலும் போகும், கையில் வழவழப்பு மிஞ்சாது. தட் பர்ப்பிள் ஸ்டஃப் என்று ஒன்று, பெயருக்கேற்ற ஊதா நிறத்தில், அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டில் எது மேல் என்று கண்ணைக் கட்டிக்கொண்டு என்னால் சொல்ல முடியாது, அதனால் கடையில் எது இருக்கிறதோ அதை வாங்குகிறேன். ஒரு பாட்டில் ஒரு மாலை லீக் கட்டணத்தைவிடக் குறைவாகத்தான் வரும், ஒரு சீசனின் பெரும்பகுதிக்குப் போதும். இன்னொன்று ஆரஞ்சு வாசனையோடு வந்தது, அதன் பெயர் வேண்டாம். பந்து பளிச்சென்று ஆனது, ஆனால் மேலே மெல்லிய படலம் ஒன்றை விட்டுப்போனது, அடுத்த வாரம் முதல் சில பந்துகள் பின்கள் நிற்கும் பக்கமே திரும்பாமல் வழுக்கிக்கொண்டு போயின. அதிலிருந்து எந்தக் கிளீனரானாலும் ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: துடைத்து முடித்ததும் காய்ந்த வெள்ளைத் துண்டால் இன்னொரு முறை அழுத்தித் துடைத்து, கட்டைவிரலை இழுத்துப் பார்ப்பது. கிறீச்சென்று சத்தம் வந்தால் சுத்தம். வழுக்கினால் கிளீனரே அங்கே உட்கார்ந்திருக்கிறது. ‘சுத்தமும் பாலிஷும் ஒன்றாக’ என்று லேபிளில் போட்டிருப்பதை, பந்தின் குணத்தை மாற்ற விரும்பாதவர்கள் தவிர்த்துவிடுங்கள். பாலிஷ் பந்தை லேனின் முன்பகுதியில் இன்னும் தூரம் வழுக்கவைக்கும். சிலருக்கு அது வேண்டியிருக்கலாம், தெரிந்தே போட்டால் சரி.

அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரியானவற்றை மட்டும் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம். அவை அழுக்கை எடுப்பதோடு நிற்காமல் தோலையே மென்மையாக்கிவிடும். இதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1973இல் டான் மக்கூன் என்ற தொழில்முறை ஆட்டக்காரர் பிளாஸ்டிக் பந்தை மெத்தில் எத்தில் கீட்டோனில் ஊறவைத்து மேல்தோலை மென்மையாக்கி ஆடினார், அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகவும் வந்தார். பந்து எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்ற விதிகள் அதன்பிறகுதான் வந்தன. இன்று லீக்கிலோ போட்டியிலோ அப்படிப்பட்ட கரைப்பானுக்கு இடமில்லை.

விதி என்றதும் இன்னொன்று. அமெரிக்காவில் இந்த ஆட்டத்தின் விதிகளை வகுக்கும் அமைப்பான அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் (USBC) சான்றளித்த போட்டிகளில் 2019 ஆகஸ்ட் 1 முதல் ஆட்டம் நடக்கும்போது எந்தத் திரவத்தாலும் பந்தைத் துடைக்கக் கூடாது, காய்ந்த துண்டு மட்டும்தான். முன்பெல்லாம் கேமுக்கு நடுவே ஆல்கஹால் அடிப்பவர்களைப் பார்க்கலாம், இப்போது அது கிடையாது. எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது, ஏனென்றால் எல்லோரும் ஒவ்வொரு பந்துக்கும் பிறகு துண்டால் துடைக்கப் பழகிவிட்டார்கள், உண்மையில் பந்தைக் காப்பாற்றுவது அந்தப் பழக்கம்தான். மைக்ரோஃபைபர் துண்டு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று ஆயில் ஏறி நனைந்ததும் மற்றொன்று. துண்டைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கியைச் சேர்க்க வேண்டாம், துண்டு ஆயிலை உறிஞ்சாமல் போய்விடும்.

எவ்வளவு ஒழுங்காகத் துடைத்தாலும் கொஞ்சம் ஆயில் உள்ளே இறங்கத்தான் செய்யும். அதை எந்த ஸ்பிரேயும் வெளியே கொண்டுவராது, சூடுதான் கொண்டுவரும். விரல் துளைகளைத் தண்ணீர் புகாத டேப்பால் நன்றாக மூடிவிட்டு, ஒரு வாளியில் குழாய் வெந்நீர் பிடித்து, இரண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, பந்தை இருபது நிமிடம் வைத்துப் பாருங்கள். தண்ணீரின் மேல் ஆயில் கண் கண்ணாக மிதந்து வரும், ரசத்தின் மேல் தாளித்த எண்ணெய் மாதிரி. எடுத்துத் துடைத்து, தண்ணீர் மாற்றி, இன்னொரு முறை. ஐம்பது அறுபது கேமுக்கு ஒருமுறை செய்யச் சொல்வது வழக்கம், ஆயில் அதிகமான லேன் என்றால் இன்னும் சீக்கிரம். தண்ணீர் கையை வைக்க முடியாத அளவு கொதிக்கக் கூடாது. வீட்டு அவன், பாத்திரம் கழுவும் இயந்திரம் இரண்டும் வேண்டவே வேண்டாம், உள்ளே இருக்கும் கோரும் (பந்தின் நடுக்கட்டி) மேல்தோலும் வெவ்வேறு அளவில் விரிந்து பந்து விரிசல் விட்டுவிடும். பந்தைக் கார் டிக்கியில் வைத்துவிட்டுப் போவதும் அதே ஆபத்துதான், ஜூலை வெயிலிலும் சரி, ஜனவரிப் பனியிலும் சரி. வாளி வேலை செய்ய இடமில்லை என்றால் ப்ரோ ஷாப்பில் கட்டுப்பாடான சூட்டில் ஆயில் எடுக்கும் இயந்திரம் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

ஆயிலை எடுத்த பிறகும் பந்து பழையபடி வளையவில்லை என்றால் பிரச்சினை ஆயிலில் இல்லை, முகத்தில் இருக்கிறது. லேனில் உருண்டு உருண்டு சொரசொரப்பு தேய்ந்து மழமழவென்று ஆகியிருக்கும். கிளீனரால் அதைத் திருப்பித் தர முடியாது. உப்புத்தாள் மாதிரித் தேய்க்கும் 2000 கிரிட் (சொரசொரப்பின் அளவு) அப்ரலான் பேடைத் தண்ணீரில் நனைத்து எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தத்தில் தேய்த்தால் பந்து மறுபடி பிடிக்கும். பந்து பெட்டியில் வந்தபோது எந்த கிரிட்டில் இருந்தது என்பதை நிறுவனத்தின் தளத்திலேயே போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துப் பேடைத் தேர்ந்தெடுங்கள். சான்றளித்த ஆட்டம் தொடங்கியபின் முகத்தை மாற்றுவதும் கூடாது, அதனால் இந்த வேலையை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும்.

கடைசியாக, கிளீனரை நேராகப் பந்தின் மேல் அடிக்காமல் துண்டில் அடித்துத் துடையுங்கள். நேராக அடித்தால் விரல் துளைக்குள் இறங்கி, உள்ளே ஒட்டியிருக்கும் டேப்பின் பசையையும் விரல் இன்செர்ட்டின் (துளைக்குள் பொருத்தும் உறை) பசையையும் இளக்கிவிடும். அடுத்த வாரம் மூன்றாவது ஃப்ரேமில் டேப் கட்டைவிரலோடு சேர்ந்து வெளியே வரும், ஆட்டத்தின் நடுவே உட்கார்ந்து அதை ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.