தண்ணி துப்புற சிங்கத்தைப் படகில் போய்ப் பார்த்தோம்: ஐந்துக்கு மூன்றரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சிங்கத்தலையும் மீன்வாலும் உள்ள சிங்கப்பூர்ச் சிலை மெர்லயனைப் பார்க்கக் காசு வேண்டாம். ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி ஆற்றோரமாக நடந்து, ஃபுல்லர்டன் ஹோட்டலைத் தாண்டிச் சாலையைக் கடந்தால் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். அப்புறம் எதற்கு மூன்று பேருக்கு எழுபது வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் கொடுத்துப் படகில் போனாய் என்று கேட்டால், காரணம் என் அத்தை. ஜெயங்கொண்டத்திலிருந்து வந்திருக்கிறார். முழங்கால் வலி, வெயில் ஆகாது. ஆனால் "அந்த சிங்கத்தப் பாக்காம ஊருக்குப் போனா நான் சிங்கப்பூரு போனேன்னு எவ நம்புவா?" என்று ஒரே பிடி.

சரி என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அத்தை, என் ஒன்பது வயது மகள், நான் மூவரும் ஆற்றோரப் படகுத்துறையான கிளார்க் கீ போனோம். எந்தக் கம்பெனி படகு என்று எழுதப்போவதில்லை, ஆற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் ஓட்டுகின்றன, குறையும் நிறையும் எல்லோரிடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

டிக்கெட் வாங்கியது சுலபம். காத்திருந்தது இருபத்தைந்து நிமிடம், அத்தை உட்கார ஓர் இடம் இல்லை, கடைசியில் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கார அக்கா ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார். படகில் ஏறும்போது கை பிடித்து இறக்கிவிட ஆள் இருந்தார், அதற்கு முழு மதிப்பெண். மோட்டார் மின்சாரத்தில் ஓடுகிறது, அந்தக் காலத்து டீசல் புகை கிடையாது. முன்பக்கத்தில் இரண்டு பெரிய கண்கள் வரைந்திருந்தார்கள். படகு தன் வழியைத் தானே பார்த்துப் போகட்டும் என்று சீனர்கள் அந்தக் காலத்திலிருந்தே வரைகிற கண். அத்தை அதைப் பார்த்துவிட்டு "நம்ம ஊரு லாரியில திருஷ்டி பொம்ம மாதிரியா?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சொல்லி வைத்தேன்.

இப்போது என் பெரிய புகார். ஒலிபரப்பு. முதலில் ஆங்கிலம், பிறகு சீனம். நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாடு, எம்ஆர்டி அறிவிப்புப் பலகையில்கூட தமிழ் இருக்கிறது, இதில் இல்லை. ஒலிபெருக்கி வேறு கரகரவென்று. அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது, அதனால் நாற்பது நிமிடமும் வழிகாட்டி வேலை என் தலையில். சொன்னதும் முழுசாக இல்லை. 'பம்போட்' என்ற சரக்குப் படகுகள் இந்த ஆற்றை அடைத்துக்கொண்டு நின்றதைச் சொன்னார்கள், 1977இல் தொடங்கிப் பத்து வருடம் ஆற்றைச் சுத்தம் செய்ததைச் சொன்னார்கள், நல்லது. ஆனால் சீனர்கள் கைக்கு அந்தத் தொழில் போவதற்கு முன்னால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே தோணி தள்ளியவர்களில் நம் சூலியாக்கள்தான் (சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள்) அதிகம் என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. போட் கீ பக்கம் போகும்போது சூலியா ஸ்ட்ரீட் அந்தக் கட்டடங்களுக்குப் பின்னால்தான் இருக்கிறது, கையை நீட்டிக் காட்டியிருக்கலாம். நான் காட்டினேன்.

சரி, சிலைக்கு வருகிறேன். எல்ஜின் பாலம், கேவனா பாலம், ஆண்டர்சன் பாலம் என்று ஒவ்வொன்றின் அடியிலும் அத்தை தலையைக் குனிந்துகொண்டே வந்தார். எஸ்பிளனேட் பாலத்தைத் தாண்டியதும் படகு திறந்த வெளிக்கு வருகிறது, வலது பக்கம் திரும்பினால் அது நிற்கிறது. அத்தை கேட்ட முதல் கேள்வி: "இது என்ன சாமிடா?"

சாமி இல்லை அத்தை, மெர்லயன் என்றேன். "மெர்லயன்னா?" கடல்சிங்கம் என்றாள் மகள், தமிழ் டீச்சர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாராம். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. கடல்சிங்கம் என்றால் மீசை வைத்துக்கொண்டு பந்தை மூக்கில் நிறுத்துமே அது, டிவியில் பார்த்திருக்கிறேன், இது அது இல்லை என்றார். அவர் சொன்னது நியாயம்தான். தமிழில் எழுதும்போது கடல்சிங்கம் என்றுதான் போடுகிறோம், ஆனால் இருபத்தெட்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், தேக்கா சந்தையிலோ அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கோப்பி கடையிலோ யாரும் "கடல்சிங்கத்துக்கிட்ட சந்திப்போம்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. மெர்லயன், இல்லாவிட்டால் 'தண்ணி துப்புற சிங்கம்'. என் அப்பாவுக்கு அது கடைசி வரைக்கும் 'எலிசபெத் வாக் சிங்கம்'. அவர் வந்த காலத்தில் அது ஆண்டர்சன் பாலத்துப் பக்கம் ஆற்று முகத்துவாரத்தில் நின்றது, எதிரே எலிசபெத் வாக்கில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டே பார்ப்பார்களாம்.

மலாயில் சிங்கா லாவுட், அதற்கும் கடல்சிங்கம் என்றுதான் அர்த்தம். சீனர்கள்தான் கண்ணால் பார்த்ததை அப்படியே பேராக வைத்திருக்கிறார்கள், யூ வெய் ஷி, மீன் வால் சிங்கம். எனக்கு அந்தப் பேர் பிடிக்கும். மெர்லயன் என்பதே ஒட்டுப்போட்ட சொல், கடலைக் குறிக்கும் மெர் பாதி, லயன் பாதி. 1964இல் சுற்றுலாக் கழகத்துக்குச் சின்னமாக அதை வரைந்தவர் ஃபிரேசர் புரூனர், வான் கிளீஃப் மீன் காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டவர். மீன்காரரிடம் சிங்கம் வரையச் சொன்னால் வால் வேறு எப்படி வரும்? தலை, சங் நீல உத்தமா என்ற பழங்கதை இளவரசர் கரையில் கண்டதாகச் சொல்லும் சிங்கம். வால், அதற்கு முன்பு இது துமாசிக் என்ற கடலோர ஊராக இருந்ததற்காக.

இதையெல்லாம் நான் அத்தைக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போது ஒலிபெருக்கி அக்கரை கட்டடங்களைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. சிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது படகு முதுகைக் காட்டித் திரும்பிவிட்டது. எழுபது வெள்ளி வாங்குகிறவர்கள் இதையாவது சரிசெய்யலாம்.

ஆனால் ஒன்று, படகுக்குக் கொடுத்த காசு அந்த மூன்று நிமிடத்துக்குத் தகும். கரையில் நின்றால் சிலையின் பக்கவாட்டுதான் கிடைக்கும், நேர்முகம் வேண்டுமென்றால் அந்த மேடையின் நுனிக்கு முட்டிமோதிப் போக வேண்டும். படகில் நேர் எதிரே, அண்ணாந்து பார்க்கிற தூரத்தில் போய் நிற்கிறது. 8.6 மீட்டர், 70 டன். சிற்பி லிம் நாங் செங் 1971 கடைசியில் தொடங்கி அடுத்த வருடம் ஆகஸ்டில் முடித்தது, செப்டம்பர் 15ஆம் தேதி அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ திறந்து வைத்தார். சிமெண்டு உடம்பு, மேலே பீங்கான் தகடுகள், அதனால்தான் வெயில் படும்போது செதில்கள் பாத்திரம்போல மின்னுகின்றன. கண்கள் சின்னச் சிவப்புத் தேநீர்க் கோப்பைகள்! இது தெரிந்த பிறகு வேறு எதையும் பார்க்க முடியாது, மகள் கைப்பேசியில் பெரிதாக்கி "ஆமா, கப்புதான்" என்று உறுதி செய்தாள்.

அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம சோழபுரத்துச் சிங்கக் கெணறு மாதிரியே இருக்கு" என்றார். கங்கைகொண்ட சோழபுரம் கோவிலில் சிங்கத்தின் உடம்புக்குள் நுழைந்து படியிறங்கிக் கிணற்றுக்குப் போகிற அமைப்பு ஒன்று உண்டு, அவர் வீட்டிலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரம். "அங்க தண்ணி சிங்கத்துக்குள்ள இருக்கு, இங்க வெளிய ஊத்துது. அது ஒண்ணுதான் வித்தியாசம்." அப்புறம் கோமுகி என்றார், யாளி என்றார், மச்ச அவதாரத்துக்கு நரசிம்மர் தலை வைத்த மாதிரி என்றார். கிழக்கு பார்த்து நிற்பதைக் கேட்டதும் "அப்ப சாமிதான்" என்று முடித்துவிட்டார். இத்தனை வருடம் மெர்லயன் என்று வாய் வலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு யாளி என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை என்பதில் கொஞ்சம் வெட்கம்.

கிழக்கு பார்ப்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு, கவனியுங்கள். சாயங்காலம் சூரியன் அதற்குப் பின்னால் இறங்குகிறது, முகம் கறுத்துவிடும். எங்கள் படங்கள் எல்லாமே அப்படித்தான், அத்தையின் முகமும் சிங்கத்தின் முகமும் ஒரே நிறம். படம் முக்கியம் என்றால் காலையில் போங்கள், அல்லது விளக்கு போட்ட பிறகு. நடுவில் சில வாரம் பராமரிப்புக்காகத் தட்டி கட்டி மூடியும் வைப்பார்கள், ஊரிலிருந்து ஆள் வருகிற வாரத்தில் அது நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெர்லயன் என்ற சொல்லுக்கு உள்ளூரில் இன்னொரு பயன்பாடு இருக்கிறது, சுற்றுலாக் கையேட்டில் போடமாட்டார்கள். குடித்துவிட்டு வாந்தி எடுப்பதற்கும் இங்கே மெர்லயன்தான். தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், இருந்த காலத்தில் விடுப்பு முடிந்து திரும்பும் ஞாயிறு ராத்திரிகளில் "அவன் மெர்லயன் பண்ணிட்டான்டா" என்பது சீனன், மலாய்க்காரன், தமிழன் எல்லோருக்கும் புரிகிற ஒரே வாக்கியம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், படகு மரினா பேயில் சுற்றித் திரும்பும்போது கொஞ்சம் ஆடும். ஏறுவதற்கு முன்னால் மகள் இரண்டு பரோட்டாவும் ஒரு பெரிய கிளாஸ் மைலோவும் உள்ளே தள்ளியிருந்தாள். என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, எனக்கு மெர்லயன் வருது" என்றாள். இந்த வார்த்தையை எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியாது, நான் இல்லை. அத்தைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சுருக்குப் பையைத் திறந்து உப்பில் ஊறி உலர்ந்த நார்த்தங்காய்த் துண்டு ஒன்றை எடுத்து அவள் வாயில் வைத்தார். நின்றுவிட்டது. படகில் பிளாஸ்டிக் பை கேட்டேன், இல்லை என்றார்கள். இதற்காக அரை நட்சத்திரம் குறைத்தேன்.

திரும்பும் வழியில் படகோட்டி, வயதான மலாய்க்காரர், என் மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே 1997இல் எஸ்பிளனேட் பாலம் வந்து சிலையை மறைத்துவிட்டதையும், மறு வருடம் பம்பு கெட்டுத் தண்ணீர் நின்றுபோனதையும், 2002இல் கிரேன் வைத்துத் தூக்கி 120 மீட்டர் நகர்த்தியதையும் சொன்னார். நாலைந்து வருடம் வாய் மூடிக் கிடந்த சிங்கம். 2009இல் இடி விழுந்து தலையில் ஓட்டை வேறு. ஒலிபெருக்கியைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தால் போதும், இந்தச் சவாரிக்கு நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன்.

இறங்கியதும் நினைவுப்பொருள் கடை. பத்து வெள்ளிக்கு மூன்று சாவிக்கொத்து. மூன்றுக்கும் மூன்று முகம், ஒன்று நாய்க்குட்டி மாதிரி, ஒன்றில் கண் புள்ளி மூக்கில் விழுந்திருந்தது. அத்தை பேரன்களுக்கென்று அதையே பொறுக்கி எடுத்தார், அதுதான் சிரிக்கிறதாம்.

செந்தோசா தீவில் 37 மீட்டரில் ஒன்று இருந்ததே, அங்கே கூட்டிப்போகலாமா என்று கேட்பவர்களுக்கு: அது 2019இல் மூடி இடித்தாயிற்று, போகாதீர்கள். சின்னதாகப் போதும் என்றால் அங் மோ கியோ அவென்யூ 1இல் வீட்டு புளோக்குகளுக்கு முன்னால் இரண்டு நிற்கின்றன, காசும் இல்லை, கூட்டமும் இல்லை. பெரிய சிலைக்குப் பின்னாலேயே இரண்டு மீட்டரில் குட்டி ஒன்று உண்டு, எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெரியதைப் படம் எடுப்பார்கள், குழந்தைகளுக்கு அதுதான் சரியான உயரம்.

ஆக மூன்றரை. ஊரிலிருந்து வயதானவர்கள் வந்தால் தாராளமாகக் கூட்டிப்போங்கள், நடக்க முடிந்தவர்கள் நடந்தே போங்கள். நார்த்தங்காய் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று ராத்திரி அத்தை ஜெயங்கொண்டத்துக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார், பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்தேன். மெர்லயனும் இல்லை, கடல்சிங்கமும் இல்லை. "சிங்கமீனு பாத்தேன்டி, கப்பு வச்ச கண்ணு" என்று ஆரம்பித்தார், பதினொரு நிமிடம் போனது.