14416-க்கு நான் போட்ட மூன்று போன்

தெரியாதவர்களுக்குப் போன் போடுவது என்றாலே எனக்குக் கை நடுங்கும். வயது 36, கணக்கு வேலையில் 11 வருட அனுபவம், ஆனாலும் அப்படித்தான். இந்தப் பயத்துக்காக டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண்ணை (14416) மூன்று முறை அழைத்தேன். அது எப்படி இருந்தது, யாருக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

கரூரில் ஒரு ஜவுளி கம்பெனியில் வேலை. பெட்ஷீட், திரைச்சீலை, மேசை விரிப்பு செய்கிற இடம். டேலி என்கிற கணக்கு மென்பொருளில் பில் போடுவது, லெட்ஜர் சரிபார்ப்பது, ஜிஎஸ்டி தாக்கல் எல்லாம் எனக்கு நிம்மதியான வேலைகள். பார்ட்டிகளிடம், அதாவது சரக்கு வாங்குகிற வாடிக்கையாளர்களிடம், பாக்கி வசூலைக் கவனித்துக்கொண்டிருந்த மூத்தவர் போன வருடம் ஓய்வு பெற்றார். "இனிமே பார்ட்டிகளுக்கு நீங்களே போன் போட்டுக் கேட்டுருங்கம்மா" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்துப் படிக்கட்டுதான் என் இடம். பேசுவது யார் காதிலும் விழக் கூடாது. மணி அடிக்கும்போதே, எடுக்காமல் இருக்க வேண்டும் என்று மனசு வேண்டிக்கொள்ளும். எடுக்காவிட்டால் பெரிய நிம்மதி, உடனே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி தட்டிவிடுவேன். வாட்ஸ்அப்பில் கேட்டால் பணம் வந்துவிடுமா? மதுரை பார்ட்டி ஒருவரின் 1,84,000 ரூபாய் பில் 70 நாள் தாண்டியும் அப்படியே நின்றது. இரவில் தூக்கம் போனது அந்தத் தொகையால் இல்லை, காலையில் போட வேண்டிய போனால்.

டெலி மானஸ் 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்டது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம்தான் நாடு முழுவதற்கும் தலைமை மையம். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரிலும் இதைச் சொல்வார்கள். 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். போனைக் கண்டு பயப்படுகிறவள் போனிலேயே உதவி கேட்க வேண்டியிருக்கிறதே என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு மொட்டை மாடிக்குப் போய் அழைத்தேன். முதலில் பதிவு செய்த குரல், மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. அப்புறம் ஒரு பெண் வணக்கம் சொன்னார். நானும் வணக்கம் என்றேன். அதற்கு மேல் குரல் வரவில்லை.

"அவசரமே இல்லைங்க. நான் லைன்லதான் இருக்கேன். மெதுவா சொல்லுங்க."

அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் அவரும் பேசவில்லை. எனக்கு என் மூச்சுச் சத்தம் கேட்டது, அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுவது கேட்டது. போனில் அமைதி என்றால் நான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என்னைத் துரத்தாத ஓர் அமைதியை அன்றுதான் பார்த்தேன். அந்த அரை நிமிடத்துக்காகவே இந்தச் சேவைக்கு நான் நன்றி சொல்வேன்.

எப்போதிலிருந்து இப்படி, நேரில் பேசும்போதும் பயம் வருமா, தூக்கம் எப்படி என்று கேட்டார். பேங்கில் மேனேஜரிடமே தைரியமாகப் பேசுவேன், போன்தான் பிரச்சினை என்றேன். போனில் முகம் தெரியாது, தலையாட்டுவது தெரியாது, அந்த இடத்தை மனசு கோபமான ஒரு முகத்தால் நிரப்பிக்கொள்ளும் என்று விளக்கினார். கட் பண்ணியதும் கிடைக்கிற நிம்மதிதான் பயத்துக்குத் தீனி என்றார். லைனிலேயே இருந்தால் படபடப்பு ஏறும், ஆனால் தானாகவே இறங்கும், அது இறங்குவதை உடம்பு ஒரு தடவை பார்க்க வேண்டும்.

படிப்படியாக ஏறச் சொன்னார். முதலில் ரயில்வேயின் 139-ஐ அழைத்துப் பதிவுக் குரலைக் கேட்டேன். அடுத்து கடைகளுக்கு ஒரே ஒரு கேள்வி: "இன்னிக்கு எத்தனை மணி வரைக்கும் கடை இருக்குங்க?" அப்புறம் பழகிய பார்ட்டிகள், கடைசியில் கடினமானவர்கள். (108, 112 போன்ற அவசர எண்களைப் பழகுவதற்கு ஒருபோதும் தொடக் கூடாது.) பேசப் போவதை நான் ஒரு பக்கத்துக்கு எழுதி வைக்கிறேன் என்று சொன்னபோது, முதல் வரியை மட்டும் எழுதுங்கள் என்றார். எதிராளி நம் தாளில் இருப்பதைப் பேச மாட்டார், தாளைத் தேடிக்கொண்டிருந்தால் அவர் சொல்வது காதில் ஏறாது. "வணக்கங்க, கரூர்ல இருந்து கணக்குப் பிரிவுங்க, ஒரு பில் விஷயமா கூப்பிட்டேன்." இந்த ஒரு வரி இன்றும் என் டைரியின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது முறை அழைத்தபோது அழுதுகொண்டிருந்தேன். ஒரு பார்ட்டி கத்திவிட்டு போனை வைத்துவிட்டார். எவ்வளவு நேரம் கத்தினார் என்று டெலி மானஸில் கேட்டார்கள். பத்து நிமிடம் இருக்கும் என்றேன். கால் லாக்கைப் பார்க்கச் சொன்னார்கள். மொத்த அழைப்பே 48 விநாடிதான். அப்புறம் என்ன செய்தீர்கள்? டீ குடித்தேன், அன்றைய கணக்கை முடித்தேன் என்றேன். அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

மறுநாளே மதுரைக்குப் போட்டேன். எடுத்தது அங்கே கணக்கு பார்க்கிற ஒரு பெண். "அக்கா, அந்த பில் காப்பி எங்களுக்கு வரவே இல்லையே" என்றாள். 70 நாளும் யாரும் என்மேல் கோபமாக இல்லை, ஒரு காகிதம்தான் போய்ச் சேரவில்லை. காப்பி அனுப்பிய நான்காம் நாள் பணம் கணக்கில் ஏறியது.

இது ஆலோசனைதான், பயிற்சி வகுப்பு கிடையாது. பழகுவது முழுக்க நம் பொறுப்பு. பயத்தால் சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாமே கெடுகிறது என்றால் மருத்துவரைப் பார்ப்பதற்கும் வழி சொல்வார்கள். தனியாக அரை மணி நேரம் கிடைக்கிற போது அழையுங்கள், 14416 கிடைக்காவிட்டால் 1800-89-14416 இருக்கிறது. பேச வராவிட்டாலும் வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு லைனில் இருங்கள். நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்தும் போடுவேன்.

மூன்றாவது அழைப்பு மதுரைப் பணம் வந்ததைச் சொல்வதற்காக. மதியச் சாப்பாட்டு நேரத்தில், என் சீட்டில் உட்கார்ந்தபடியே போட்டேன். பக்கத்து சீட்டில் ஆள் இருந்தார்.