பின் இருக்கையிலிருந்து பார்த்த மூன்று கார்கள்

ஐந்து பேர் கொண்ட எங்கள் குடும்பத்துக்காக ஒரு செடான், ஒரு சிறிய எஸ்யூவி, மூன்று வரிசை இருக்கைகள் கொண்ட ஓர் எம்பிவி ஆகியவற்றை அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தோம். முழங்கால் வலியுள்ள அம்மா, எட்டு வயது மகன், மூன்று வயது மகள், அவளுடைய குழந்தை இருக்கை, மடக்கும் தள்ளுவண்டி என எல்லாமே ஒவ்வொரு முறையும் உடன் வந்தன. நான் ஓட்டிய நேரத்தைவிடப் பின்னால் அமர்ந்து வந்த நேரமே அதிகம்.

ஓட்டுபவருக்கு மூன்றில் சிறந்தது செடான்தான். வளைவுகளில் சாயவில்லை, வேகத்திலும் உள்ளே அமைதி குறையவில்லை. ஆனால் அம்மா அதில் அமரவில்லை, விழுந்தார் என்றே சொல்ல வேண்டும். எழும்போது கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை முயன்றார். டிக்கியின் கொள்ளளவு காகிதத்தில் எஸ்யூவியைவிட அதிகம். இருந்தும் வாய் குறுகலாக இருந்ததால், சக்கரங்களைக் கழற்றிய பிறகே தள்ளுவண்டி உள்ளே போனது. அந்த லிட்டர் கணக்கைப் பல நிறுவனங்கள் 200 மி.மீ. நீளம், 100 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம் கொண்ட ஒரு லிட்டர் கட்டைகளை அடுக்கித்தான் எடுக்கின்றன. கட்டை நுழையும் சந்தில் தள்ளுவண்டி நுழைவதில்லை.

எஸ்யூவியின் உயரம் அம்மாவுக்கு ஏற்றதாக இருக்கும் என்று நம்பினோம். இருக்கை உயரம் சரியாகவே இருந்தது, ஆனால் அகலமான வாசற்படியைத் தாண்டிக் காலை வைப்பது அவருக்குச் சிரமமாகிவிட்டது. பின்பக்கச் சன்னலின் கீழ்விளிம்பு மேல்நோக்கி ஏறிச் செல்வதால் மகளுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை; பத்தே நிமிடங்களில் குமட்டுகிறது என்றாள். உள்காது உணரும் அசைவைக் கண் காணாதபோது இப்படி நேர்வது இயல்புதான். குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கம்பிகள் இரண்டும் மெத்தைக்குள் ஆழமாகப் புதைந்திருந்ததால், தடவித் தேடி மாட்டுவதற்குள் விரல் சிராய்த்துவிட்டது. ஏசியின் குளிரைக் குறைக்கக்கூடத் தொடுதிரையைத்தான் நாட வேண்டும் என்பது தனி எரிச்சல்.

எம்பிவியில் அம்மா நாற்காலியில் அமர்வதுபோல் பக்கவாட்டில் உட்கார்ந்து, கால்களைத் திருப்பி உள்ளே வைத்துக்கொண்டார். விற்பனையாளர் காட்டிய வழுவழுப்பான சாலையை விட்டு, குண்டும் குழியுமான தெரு ஒன்றில் தனியாக ஓட்டியபோது வண்டி முரட்டுத்தனமாகக் குலுங்கியது. ஏழு பேரின் எடையைத் தாங்கும்படி ஸ்பிரிங் அமைக்கப்பட்டிருப்பதே காரணம் என்று தோன்றியதால், ஐந்து பேரும் ஏறி அதே தெருவில் மீண்டும் சென்றோம். குலுக்கல் பாதியாகக் குறைந்தது. அந்த இரண்டாவது சுற்று இல்லையென்றால் இதை நிராகரித்திருப்போம்.

குறைகளும் உண்டு. மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் டிக்கியில் இரண்டு பள்ளிப் பைகளுக்கே இடம். அதில் பாதியை மடக்கினால்தான் தள்ளுவண்டி நிற்கிறது. வேகத்தில் காற்றின் இரைச்சல் கேட்கிறது, வளைவில் உடல் சாய்கிறது, முழுச் சுமையுடன் மேட்டில் ஏறக் கியரைக் குறைத்தாக வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தே எம்பிவிக்கு முன்பணம் கட்டிவிட்டோம். மகன் மட்டும் இன்னும் செடானின் பக்கம்தான். மூன்றாம் வரிசைச் சன்னலைத் திறக்க முடியாது என்பது அவனுடைய புகார். அங்கே உட்காரப்போவது அவன் என்பதால் மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இல்லை.