விலைப்புள்ளியில் 35 ஃபிரேம், இயந்திரத்தில் 6: தொழிற்சாலைக் கேமரா வாங்குவோர் கவனத்திற்கு

கோவையில் ரப்பர் ஓ-ரிங் தயாரிக்கும் சிறிய தொழிற்கூடம் எங்களுடையது. சுழலும் கண்ணாடித் தட்டின் மேல் வினாடிக்கு 10 வளையங்கள் செல்ல, மேலிருந்து ஒன்றும் கீழிருந்து ஒன்றுமாக இரண்டு கேமராக்கள் படமெடுத்துப் பிசிறு உள்ளவற்றை ஒதுக்கும் சோதனை இயந்திரம் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினோம். விற்றவர்கள் தந்த விலைப்புள்ளியில் 50 லட்சம் பிக்சல் கொண்ட ஈதர்நெட் கேமரா (நெட்வொர்க் கேபிள் வழியாகக் கணினிக்குப் படம் அனுப்புவது), வினாடிக்கு 35 ஃபிரேம், அதாவது 35 படம், என்று இருந்தது. தேவையைப் போல மூன்று மடங்கு வேகம் இருக்கிறதே என்று நம்பிப் பணம் கட்டினோம்.

இரண்டே மாதத்தில் வாடிக்கையாளர் ஒரு முழுச் சரக்கைத் திருப்பி அனுப்பினார். மேற்புறம் பிசிறுள்ள 100 வளையங்களைப் பொறுக்கி ஓட்டிப் பார்த்தேன். ஏறத்தாழப் பாதி, நல்ல சரக்குக்கான பெட்டியில் விழுந்தன. சேமிக்கப்பட்ட படங்களை எண்ணினால் அவையும் பாதிதான். ஒன்று விட்டு ஒரு வளையம் படமே எடுக்கப்படாமல் கடந்திருக்கிறது. படம் கிடைக்காத வளையத்தை நல்லதென்று அனுப்பும்படி இயந்திரத்தை அமைத்ததே பெருந்தவறு என்பேன்.

விற்றவர்கள் வெளிச்சம் போதவில்லை என்று சொல்லி, 42,000 ரூபாய்க்குப் புதிய விளக்கு ஒன்றை வாங்க வைத்தார்கள். எதுவும் மாறவில்லை. மாறவும் முடியாது: எக்ஸ்போஷர் நேரம், அதாவது ஒரு படத்துக்காகக் கேமரா ஒளியை வாங்கும் நேரம், 0.2 மில்லி வினாடிதான். வேகத்தைத் தடுக்க அது, இரு வளையங்களுக்கு இடைப்பட்ட 100 மில்லி வினாடியை நெருங்கியிருக்க வேண்டும்.

கீழ்க் கேமராவின் கண்ணாடியைத் துடைப்பதற்காக ஒருநாள் அதன் கேபிளைக் கழற்றிய போதுதான் உண்மை தெரிந்தது. மேல் கேமராவின் வேகம் திரையில் 6-இலிருந்து 12-க்கு அருகே ஏறியது. ஒரு வளையம்கூடத் தவறவில்லை. இரண்டு கேமராக்களையும் ஒரு நெட்வொர்க் சுவிட்சில் இணைத்து, அங்கிருந்து ஒரே கேபிளில் கணினிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அந்தக் கேபிள் கிகாபிட் ஈதர்நெட் வகை; அதில் வினாடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் போகாது. நடைமுறையில் 118 அளவில்தான் கிடைக்கும். 2448 × 2048 பிக்சல் படம் 8 பிட்டில் (பிக்சலுக்கு ஒரு பைட்) ஏறக்குறைய 5 மெகாபைட் என்பதால், கேபிள் முழுவதும் ஒரே கேமராவுக்குக் கிடைத்தாலும் 24 ஃபிரேமைத் தாண்டாது. எங்களுக்கோ 12 பிட்டில் அமைத்திருந்தார்கள். அது பிக்சலுக்கு இரண்டு பைட்டாகச் செல்வதால் வேகம் பாதியாகி, இரு கேமராக்கள் பங்கிட்டதில் மீண்டும் பாதியாகியது.

கேட்டபோது, 35 என்பது கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாரின் வேகம், அதில் பொய் இல்லையே என்றார்கள். அந்த எண்ணைக் கேபிள் ஒருபோதும் சுமக்காது என்பது விற்கும்போதே அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

இரண்டு போர்ட் உள்ள நெட்வொர்க் கார்டு ஒன்றை நாங்களே வாங்கிக் கேமராவுக்கு ஒன்றாக இணைத்து, 8 பிட்டுக்கு மாற்றி, படத் தரவைத் துண்டு துண்டாக அனுப்பும் பாக்கெட்டின் அளவை 1500-இலிருந்து 9000 பைட்டாக உயர்த்தினோம். இப்போது ஒவ்வொன்றும் 23 ஃபிரேம் தருகிறது. வளையம் வராத ஓரங்களை வெட்டி, படத்தின் உயரத்தைப் பாதியாக்கினால் இன்னும் கூடும்.

கேமரா வாங்குவோர், எத்தனை பிட், என்ன எக்ஸ்போஷர், ஒரு கேபிளில் எத்தனை கேமரா என்பதைக் குறிப்பிட்டு, அந்த நிலையில் கிடைக்கும் ஃபிரேம் எண்ணிக்கையைக் கொள்முதல் ஆணையிலேயே எழுதி வாங்குங்கள். நிறுவும் நாளில், எல்லாக் கேமராக்களும் ஒன்றாக ஓடும்போது, வளையங்களையும் படங்களையும் எண்ணிப் பார்த்த பிறகே மீதித் தொகையைக் கொடுங்கள். நாங்கள் ஒரு கேமராவை மட்டும் ஓட்டிக் காட்டியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டோம்.